பாஸ்வேர்டு பெட்டகம் படுத்துவிட்டால்... மாற்று சர்வருக்குப் போவது எப்படி?

விண்டோஸ் கம்ப்யூட்டரில் அட்மினிஸ்ட்ரேட்டர் என்று ஒரு அக்கவுண்ட் இருப்பது உங்களுக்குத் தெரியும். லினக்ஸ் என்றால் அதற்குப் பெயர் ரூட். இந்த அக்கவுண்ட்டில் நுழைந்தவர் எந்த பைலையும் அழிக்கலாம், மற்றவர்களின் பாஸ்வேர்டை மாற்றலாம், ஹார்ட் டிஸ்க்கையே பார்மட் செய்யலாம். வீட்டில் இப்படி ஒரு அக்கவுண்ட், மிஞ்சினால் இரண்டு இருக்கும். ஒரு வங்கியிலோ பெரிய மருத்துவமனையிலோ சர்வர், ரவுட்டர், டேட்டாபேஸ், பயர்வால் என்று ஒவ்வொன்றுக்கும் ஒன்றாக ஆயிரக்கணக்கில் இருக்கும். இவற்றைத்தான் சிறப்பு உரிமை அக்கவுண்ட்கள் என்கிறோம்.

இந்த பாஸ்வேர்டுகள் ஒரே ஒருவரிடம் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்பதை 2008 ஜூலையில் அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகர நிர்வாகம் அனுபவித்துப் பார்த்தது. நகரத்தின் பைபர்வேன் என்ற நெட்வொர்க்கைக் கவனித்து வந்த டெர்ரி சைல்ட்ஸ் என்பவர் அதன் பாஸ்வேர்டுகளை மேலதிகாரிகளிடம் தர மறுத்தார். கைது செய்து சிறையில் வைத்தார்கள், அப்போதும் தரவில்லை. ஒரு வாரத்துக்கும் மேல் கழிந்து, மேயர் கெவின் நியூசம் நேரில் சிறைக்குப் போன பிறகுதான், அவரிடம் மட்டும் கொடுத்தார். அத்தனை நாளும் நெட்வொர்க் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஆனால் அதில் ஒரு செட்டிங்கை மாற்றக்கூட நகர நிர்வாகத்தால் முடியவில்லை. 2010-ல் சைல்ட்ஸுக்கு 4 ஆண்டு சிறைத் தண்டனை கிடைத்தது.

இந்த மாதிரி நிலைமை வராமல் இருக்கத்தான் ப்ரிவிலெஜ்ட் அக்சஸ் மேனேஜ்மெண்ட், சுருக்கமாக பி.ஏ.எம்., என்ற வகை சாப்ட்வேர் வந்தது. எல்லா பாஸ்வேர்டுகளையும் என்கிரிப்ட் செய்து ஒரு பெட்டகத்தில் வைத்துவிடும். யாருக்கு எது தேவையோ அதை மட்டும், தேவையான நேரத்துக்கு மட்டும் எடுத்துத் தரும். யார் எடுத்தார் என்பதைப் பதிவு செய்யும். எல்லாவற்றுக்கும் மேலாக, பாஸ்வேர்டைத் தானே அடிக்கடி மாற்றிக்கொண்டே இருக்கும். இன்று நீங்கள் எடுத்துப் பயன்படுத்திய பாஸ்வேர்டு நாளைக்கு வேலை செய்யாது.

இந்தக் கடைசி வேலையை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டுரையில் வரப்போகும் சிக்கல்கள் பெரும்பாலும் இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

பெட்டகமே படுத்துவிட்டால்?

எல்லா சாவியையும் ஒரே பெட்டியில் போட்டுப் பூட்டியாயிற்று. அந்தப் பெட்டி திறக்கவில்லை என்றால்? பெட்டகம் இருக்கும் சர்வரின் ஹார்ட் டிஸ்க் போகலாம். கட்டடத்தில் கரண்ட் போகலாம். வெள்ளம் புகலாம். அந்த நேரத்தில் மற்ற சர்வர்களைச் சரி செய்யப் போகும் இன்ஜினியர்களுக்கு வேண்டிய பாஸ்வேர்டுகளும் அந்தப் பெட்டகத்துக்குள்தான் இருக்கின்றன. மெயில் சர்வர் நின்றால் மெயில் மட்டும் நிற்கும். பாஸ்வேர்டு பெட்டகம் நின்றால் எதையும் பழுது பார்க்க முடியாமல் போகும்.

எனவே வேறொரு ஊரில், வேறொரு கட்டடத்தில் அதே போல இன்னொரு பெட்டக சர்வரை வைக்கிறார்கள். இதற்கு ஸ்டேண்ட்பை சர்வர் என்று பெயர். முதன்மை சர்வர் படுத்ததும் வேலையை இதற்கு மாற்றுவதற்குப் பெயர் பெயில்ஓவர். முதன்மை சரியானதும் திரும்பப் போவது பெயில்பேக். கேட்பதற்கு, ஸ்டெப்னி டயர் மாட்டுவது போல எளிதாக இருக்கிறது. செய்து பார்க்கும்போதுதான் தெரியும்.

உள்ளே என்ன நடக்கிறது?

உதாரணத்துக்கு சைபர் ஆர்க் நிறுவனத்தின் பெட்டகத்தை எடுத்துக்கொள்வோம். 1999-ல் இஸ்ரேலில் தொடங்கப்பட்ட நிறுவனம் இது. பெரிய வங்கிகள் பலவற்றில் இதன் சாப்ட்வேர் இருக்கிறது.

ஸ்டேண்ட்பை சர்வரிலும் முதன்மையில் உள்ள அதே பெட்டக சாப்ட்வேர் இன்ஸ்டால் செய்யப்பட்டிருக்கும். ஆனால் சாதாரண நாட்களில் அந்தப் பெட்டகம் மூடியே இருக்கும். அதில் ஓடுவது ஒரு சிறு சர்வீஸ் மட்டும்தான். அது இரண்டு வேலைகள் செய்கிறது. ஒன்று, இதற்கென்றே உருவாக்கப்பட்ட ஒரு யூசர் பெயரில் முதன்மைக்குள் நுழைந்து, புதிதாக மாறியவற்றை நகல் எடுத்துக்கொள்வது. இரண்டு, "இருக்கிறாயா?" என்று முதன்மையைக் குறிப்பிட்ட இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருப்பது.

இந்த இடைவெளிகளை எல்லாம் நோட்பேடில் திறந்து பார்க்கக்கூடிய ஒரு சாதாரண ஐ.என்.ஐ. பைலில்தான் எழுதி வைக்கிறோம். 60 வினாடிக்கு ஒரு முறை கேள், பதில் வராவிட்டால் 30 வினாடி இடைவெளியில் 5 முறை திரும்பக் கேள் என்று எழுதி வைத்தால், முதன்மை மௌனமாகி சுமார் இரண்டரை நிமிடத்தில் ஸ்டேண்ட்பை ஒரு முடிவுக்கு வந்துவிடும். தன்னிடம் உள்ள பெட்டகத்தைத் திறக்கும். நகல் எடுக்கும் வேலையை நிறுத்திக்கொள்ளும். தான் பொறுப்பேற்றுக்கொண்டதை அதே ஐ.என்.ஐ. பைலில் ஒரு வரியாகக் குறித்து வைக்கும். பாஸ்வேர்டு கேட்டு வரும் மற்ற புரோகிராம்களின் செட்டிங்கில் இரண்டு சர்வர்களின் ஐ.பி. முகவரிகளையும் கமா போட்டு எழுதி வைத்திருப்பார்கள். முதல் முகவரி பதில் தராவிட்டால் அவை இரண்டாவதைத் தேடிப் போகும்.

இவ்வளவும் தானாக நடக்கும். திரும்பி வருவது தானாக நடக்காது; அதை ஆள்தான் செய்ய வேண்டும். இது குறை போலத் தோன்றலாம். என்னைக் கேட்டால் இது நல்ல ஏற்பாடு. காரணம் கீழே வருகிறது.

செத்துப் போனதா, போன் எடுக்கவில்லையா?

ஸ்டேண்ட்பைக்குத் தெரிந்தது ஒன்றுதான்: முதன்மையிடமிருந்து பதில் வரவில்லை. ஆனால் முதன்மை நன்றாகவே ஓடிக்கொண்டிருந்து, இடையில் உள்ள கேபிள் மட்டும் துண்டிக்கப்பட்டிருந்தாலும் பதில் வராது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் தூரத்தில் இருக்கும் ஸ்டேண்ட்பைக்குத் தெரிய வழியே இல்லை.

கிட்ஹப் என்ற புகழ்பெற்ற தளத்தில் 2018 அக்டோபர் 21-ல் நடந்தது இதற்கு நல்ல பாடம். பழுதான ஒரு ஆப்டிக்கல் கருவியை மாற்றும் வேலையின்போது, அமெரிக்காவின் கிழக்குக் கரையில் உள்ள அவர்களுடைய முக்கிய டேட்டா சென்டரின் தொடர்பு 43 வினாடி விட்டுப்போனது. நாம் பிரவுசரில் ரெப்ரெஷ் பட்டனை நாலு முறை அழுத்துவதற்குள் போய்விடும் நேரம்தான். ஆனால் டேட்டாபேஸைக் கவனிக்கும் தானியங்கி சாப்ட்வேர் அதற்குள் முடிவெடுத்து, மேற்குக் கரையில் உள்ள சர்வர்களை முதன்மையாக்கிவிட்டது. தொடர்பு திரும்பியபோது பார்த்தால், கிழக்கில் சில விநாடிகள் எழுதப்பட்ட தகவல்கள் மேற்கில் இல்லை. மேற்கில் அதன் பிறகு சுமார் 40 நிமிடம் எழுதப்பட்டவை கிழக்கில் இல்லை. மிகவும் பரபரப்பான ஒரு டேட்டாபேஸ் தொகுதியில் மட்டும் இப்படித் தனித்து நின்ற பதிவுகள் 954. தளத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர 24 மணி 11 நிமிடம் ஆனது.

இரண்டு சர்வர்களும் "நான்தான் முதன்மை" என்று ஒரே நேரத்தில் நினைத்துக்கொள்ளும் இந்த நிலைக்கு ஸ்பிளிட் ப்ரெய்ன் என்று பெயர். கிட்ஹப்பில் விட்டுப்போன பதிவுகளை லாக் பைல்களை வைத்து ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய்ய வழி இருந்தது. பாஸ்வேர்டு பெட்டகத்தில் இது நடந்தால் கதை இன்னும் மோசம்.

யாருக்கும் தெரியாத பாஸ்வேர்டு

ஒரு உதாரணத்தை நேரம் போட்டுப் பார்ப்போம். டேட்டாபேஸ் சர்வர் ஒன்றின் அட்மின் பாஸ்வேர்டை 'பழையது' என்று வைத்துக்கொள்வோம்.

காலை 10:00. ஸ்டேண்ட்பை கடைசியாக நகல் எடுக்கிறது. அதில் 'பழையது' இருக்கிறது.

10:07. முதன்மைப் பெட்டகம் வழக்கம்போல பாஸ்வேர்டை மாற்றுகிறது. டேட்டாபேஸ் சர்வரிலும் மாற்றிவிட்டு, தன்னிடமும் 'புதியது' என்று எழுதி வைக்கிறது.

10:10. கேபிள் துண்டிக்கப்படுகிறது. சில நிமிடங்களில் ஸ்டேண்ட்பை பொறுப்பேற்கிறது.

10:30. ஒரு இன்ஜினியர் ஸ்டேண்ட்பையில் பாஸ்வேர்டு கேட்கிறார். அது 'பழையது' என்று தருகிறது. டேட்டாபேஸ் ஏற்க மறுக்கிறது. அவர் தப்பாக டைப் செய்துவிட்டோமோ என்று இன்னும் நாலு முறை அடிக்கிறார். அக்கவுண்ட் லாக் ஆகிவிடுகிறது.

இதுவரை நடந்தது தொல்லைதான், ஆபத்து இல்லை. 'புதியது' முதன்மைப் பெட்டகத்தில் பத்திரமாக இருக்கிறது. ஆபத்து மாலையில் வருகிறது. கேபிள் சரியாகிவிட்டது. பகல் முழுக்க ஸ்டேண்ட்பைதான் வேலை செய்தது, எனவே அதில்தான் சமீபத்திய தகவல் இருக்கும் என்று நினைத்து, ஸ்டேண்ட்பையில் உள்ளதை அப்படியே முதன்மையின் மேல் எழுதிவிடுகிறார்கள். மற்ற எல்லாவற்றுக்கும் இது சரியான முறைதான். ஆனால் அந்த ஒரு நிமிடத்தில் 'புதியது' அழிந்துபோகிறது. அதைச் சாப்ட்வேர்தான் தாறுமாறான எழுத்துக்களை வைத்து உருவாக்கியது. எந்த மனிதரும் அதைப் பார்த்ததில்லை. டேட்டாபேஸ் சர்வரோ அதை மட்டும்தான் ஏற்கும். இப்போது அந்த பாஸ்வேர்டு உலகத்தில் யாரிடமும் இல்லை. சைல்ட்ஸிடமாவது கேட்டு வாங்க முடிந்தது!

ஒரு அக்கவுண்ட் என்றால், அந்த சர்வரில் வேறு ஒரு உயர் அக்கவுண்ட் வழியாக நுழைந்து பாஸ்வேர்டை ரீசெட் செய்துவிடலாம். பெட்டக சாப்ட்வேரிலேயே இதற்கு ரீகன்சைல் என்று ஒரு வசதி இருக்கிறது. ஆனால் அந்த உயர் அக்கவுண்ட்டின் பாஸ்வேர்டும் அதே பத்து நிமிடத்தில் மாறியிருந்தால்? அப்போது சர்வர் அறைக்கு நேரில் போய் உட்கார வேண்டியதுதான்.

இதைத் தவிர்க்கச் சில நடைமுறைகள் இருக்கின்றன. முதலில், தொலைவில் உள்ள ஸ்டேண்ட்பைக்குத் தானாகத் தாவும் வசதியை ஐ.என்.ஐ. பைலில் 'நோ' என்று மாற்றி வைத்துவிடலாம். சர்வர் எச்சரிக்கை மட்டும் கொடுக்கட்டும். முதன்மை இருக்கும் கட்டடத்துக்கு ஒருவர் போன் செய்து, "அங்கே சர்வர் ஓடுகிறதா? விளக்கு எரிகிறதா?" என்று கேட்ட பிறகு தாவலாம். பத்து நிமிடம் தாமதமாகும். அந்தத் தாமதம் பொறுக்க முடியாத நிறுவனங்கள் இருக்கின்றன. ஆனால் நினைப்பதைவிடக் குறைவு.

இரண்டாவது, தாவிய பிறகு முதன்மை உயிரோடு இருந்தால் அதன் பெட்டக சர்வீஸை நிறுத்திவிட வேண்டும். ஒன்று திறந்திருந்தால் மற்றது மூடியிருக்க வேண்டும். மூன்றாவது, ஸ்டேண்ட்பையில் ஓடும் காலத்தில் பாஸ்வேர்டு மாற்றும் பகுதியை நிறுத்தி வைக்க வேண்டும். இரண்டு நாள் பாஸ்வேர்டு மாறாமல் இருந்தால் குடி முழுகிவிடாது.

திரும்பி வரும்போது

பெயில்பேக் செய்வதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். ஸ்டேண்ட்பை ஓடிய நேரத்தில் அதில் ஏதாவது மாறியதா? பாஸ்வேர்டு மாற்றும் பகுதியை நிறுத்தி வைத்திருந்து, புது அக்கவுண்ட் எதுவும் சேர்க்காமலும் இருந்தால், பெரும்பாலும் மாறியிருக்காது. அப்படியென்றால் ஸ்டேண்ட்பையில் பெட்டகத்தை மூடி, முதன்மையைத் திறந்தால் போதும். ஐ.என்.ஐ. பைலில் 'பொறுப்பேற்றுவிட்டேன்' என்ற வரியை 'நோ' என்று மாற்ற வேண்டும். எதுவரை நகல் எடுத்தோம் என்று குறித்து வைத்துள்ள இரண்டு வரிகளையும் நீக்கிவிட்டு, சர்வீஸைத் தொடங்கினால் ஸ்டேண்ட்பை மறுபடி முதலிலிருந்து நகல் எடுக்க ஆரம்பிக்கும். ஒரேயடியாக யாராவது யாரிடம் இருந்து வாங்கிய தகவல்களும் ஸ்டேண்ட்பையின் பதிவேட்டில் இருக்கும். தணிக்கைக்கு அது தேவை என்றால் முதலில் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

மாறியிருந்தால், திசை தலைகீழாகிறது. பழைய முதன்மையையே கொஞ்ச நேரம் ஸ்டேண்ட்பை போல அமைத்து, ஓடிக்கொண்டிருக்கும் பெட்டகத்திலிருந்து நகல் எடுக்கச் செய்ய வேண்டும். ஆனால் அதற்கு முன்னால், மேலே சொன்ன 10:00 முதல் 10:10 வரை முதன்மையில் மாறிய பாஸ்வேர்டுகளின் பட்டியலை எடுத்து, அவற்றைத் தனியே பத்திரப்படுத்த வேண்டும். கடைசி நகல் எப்போது எடுக்கப்பட்டது என்பது ஸ்டேண்ட்பையின் லாக் பைலில் இருக்கும். அதற்குப் பிறகு என்னென்ன மாறின என்பது முதன்மையின் பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க அரை மணி நேரம் போதும். அவசரத்தில் இந்த அரை மணி நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கப் பார்ப்பார்கள்.

அந்த லாக் பைலை ஆபத்து நேரத்தில் மட்டுமல்ல, சாதாரண நாட்களிலும் திறந்து பார்க்க வேண்டும். நகல் எடுக்கும் யூசரின் பாஸ்வேர்டு பொருந்தாமல் போனால் நகல் எடுப்பது நின்றுவிடும். ஆனால் ஸ்டேண்ட்பை சர்வர் ஓடிக்கொண்டேதான் இருக்கும். பிங் செய்தால் பதிலும் தரும். பார்ப்பவர்களுக்கு எல்லாம் சரியாக இருப்பது போலத் தெரியும். தேவைப்படும் நாளில் திறந்தால், மூன்று மாதத்துக்கு முந்தைய பாஸ்வேர்டுகள் வரிசையாக நிற்கும்.

பெட்டிக்கு வெளியே ஒரு சாவி

இரண்டு சர்வர்களும் சேர்ந்தே போய்விட்டால்? 2021 அக்டோபர் 4-ல் பேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் 6 மணி நேரம் உலகம் முழுவதும் நின்றுபோனது நினைவிருக்கும். பராமரிப்பு வேலையின்போது கொடுத்த ஒரு கட்டளை, அவர்களுடைய டேட்டா சென்டர்களை இணைக்கும் நெட்வொர்க்கையே துண்டித்துவிட்டது. அதைச் சரி செய்யும் உள் சாப்ட்வேர்களும் அதே நெட்வொர்க்கை நம்பியிருந்ததால் அவையும் நின்றன. இன்ஜினியர்களை நேரில் அனுப்பினார்கள். யாரும் எளிதில் உள்ளே நுழைந்துவிடக் கூடாது என்று கட்டப்பட்ட இடத்தில், தங்கள் ஆட்களே உள்ளே போய்ச் சர்வரில் கை வைக்க நேரம் பிடித்தது.

பெட்டகங்களில் இதற்காகவே கடைசி சாவி ஒன்று இருக்கிறது. சைபர் ஆர்க்கில் மாஸ்டர் என்ற யூசர் எல்லாவற்றையும் திறக்க முடியும். ஆனால் அதற்கு பாஸ்வேர்டு மட்டும் போதாது. மீட்பு சாவி அடங்கிய பைலும் வேண்டும். இதைப் பழைய வழக்கப்படி மாஸ்டர் சி.டி. என்பார்கள். சர்வரிலிருந்து எடுத்து, இரும்பு அலமாரியில் பூட்டி வைக்க வேண்டிய பொருள் அது. அதைக் கொண்டு வந்தாலும், பெட்டக சர்வரின் முன்னால் உட்கார்ந்தோ, முன்பே அனுமதித்த கம்ப்யூட்டரிலிருந்தோதான் நுழைய முடியும். அலமாரிச் சாவி யாரிடம் இருக்கிறது என்பதை மட்டும் அந்தப் பெட்டகத்துக்குள்ளேயே எழுதி வைக்காதீர்கள்!

வீட்டில் செய்து பார்க்க

இதெல்லாம் கம்பெனிக்காரர்களுக்கு என்று பக்கத்தைத் திருப்பிவிட வேண்டாம். கீபாஸ் போன்ற இலவச பாஸ்வேர்டு மேனேஜர் வைத்திருக்கும் எல்லோருக்கும் இதே சிக்கல் சின்ன அளவில் உண்டு. லேப்டாப்பில் ஒரு கே.டி.பி.எக்ஸ். பைல், அதன் நகல் பென் டிரைவில். லேப்டாப் சர்வீஸுக்குப் போயிருக்கும்போது பென் டிரைவ் நகலை வேறு கம்ப்யூட்டரில் திறந்து பயன்படுத்துகிறீர்கள். இதுவும் ஒரு பெயில்ஓவர்தான்.

லேப்டாப் போவதற்கு முதல் நாள் வங்கி பாஸ்வேர்டை மாற்றினீர்கள். பென் டிரைவில் நகல் எடுக்கவில்லை. லேப்டாப் இல்லாத நாட்களில் ரயில் டிக்கெட் தளத்தின் பாஸ்வேர்டை மாற்றி, பென் டிரைவ் பைலில் பதிவு செய்தீர்கள். இப்போது லேப்டாப் வந்துவிட்டது. பென் டிரைவ் பைலை லேப்டாப்பில் காப்பி செய்து ரீப்ளேஸ் கொடுத்தால் வங்கி பாஸ்வேர்டு போய்விடும். மாற்றிச் செய்தால் டிக்கெட் பாஸ்வேர்டு போய்விடும். விண்டோஸ் காட்டும் பைல் தேதியைப் பார்த்து முடிவெடுத்தாலும் ஏதாவது ஒன்று போகத்தான் செய்யும்.

கீபாஸ் 2-ஆம் பதிப்பில் இதற்குச் சரியான வழி இருக்கிறது. லேப்டாப்பில் உள்ள பைலைத் திறந்துகொள்ளவும். பைல் மெனுவில் சின்க்ரனைஸ் என்பதைத் தேர்ந்தெடுத்து, அதில் சின்க்ரனைஸ் வித் பைல் என்பதைக் க்ளிக் செய்யவும். பென் டிரைவில் உள்ள பைலைக் காட்டவும். கீபாஸ் இரண்டு பைல்களையும் பதிவு பதிவாக ஒப்பிட்டு, ஒவ்வொன்றிலும் எது கடைசியாக மாற்றப்பட்டதோ அதை எடுத்துக்கொள்ளும். வங்கியும் டிக்கெட்டும் இரண்டுமே தப்பிக்கும். ஒரே பதிவை இரண்டு பக்கமும் மாற்றியிருந்தால், பிந்தையது நிற்கும். முந்தையது அழியாமல் அந்தப் பதிவின் ஹிஸ்டரி டேபில் போய் உட்கார்ந்திருக்கும். இரண்டு கம்ப்யூட்டர்களிலும் கடிகாரம் சரியாக இருக்கிறதா என்று மட்டும் முதலில் பார்த்துவிடுங்கள். சீமாஸ் பேட்டரி போன பழைய கம்ப்யூட்டர் என்றால் தேதி பல வருடம் பின்னால் நிற்கும். அதில் செய்த மாற்றம் எல்லாம் பழையது என்று ஒதுக்கப்பட்டுவிடும்.

மாஸ்டர் சி.டி.க்கும் வீட்டில் ஒரு ஜோடி இருக்கிறது. கீபாஸில் பைல் மெனுவில் பிரிண்ட் என்பதற்குள் பிரிண்ட் எமர்ஜென்சி ஷீட் என்று ஒன்று இருக்கும். ஒரு பக்கத் தாள் அது. பைல் எங்கே இருக்கிறது, மாஸ்டர் பாஸ்வேர்டு என்ன என்பதைக் கையால் எழுதி பீரோவில் வைக்கலாம். கூகுள் அக்கவுண்ட்டில் இரண்டு அடுக்குப் பாதுகாப்பு வைத்திருப்பவர்கள், 10 பேக்கப் கோடுகளையும் பிரிண்ட் எடுத்து அதனோடு சேர்த்து வைக்கவும். ஒவ்வொன்றும் ஒரு முறைதான் வேலை செய்யும். பயன்படுத்தியதைப் பேனாவால் அடித்துவிடுங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு சோதனை செய்து பாருங்கள். லேப்டாப்பை ஒரு நாள் திறக்காமல், பென் டிரைவ் நகலையும் பீரோவில் உள்ள தாளையும் மட்டும் வைத்து உங்கள் மெயிலுக்குள் நுழைய முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் எந்த இடத்தில் நின்றுபோனது என்பதைக் குறித்துக்கொண்டு, லேப்டாப் கையில் இருக்கும்போதே சரி செய்துவிடுங்கள்.